'தங்கம்' சரியாகச் சொல்லும் பிள்ளை கன்னடத்தில் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி (ஓசூர்):
தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னடம் சொல்லித் தருகிறோம், 8 முதல் 10 வயது. காற்றுக்கான கன்னடச் சொல் 'தங்கம்' என்பதில் வரும் ககரத்தில் தொடங்கும். பிள்ளைகள் அதைக் 'காளி' என்றே சொல்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக் காட்டினாலும் காதில் பிரித்துப் பிடிப்பதில்லை. 'தங்கம்', 'பங்கு' என்னும்போது மட்டும் அந்த ஒலி தானாக வருகிறதே! நாக்குக்கா, காதுக்கா, எதற்குப் பயிற்சி தேவை?

பதில் 1 (தருமபுரி):
இரண்டிலும் குறையில்லை, டீச்சர். 'பக்கம்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. எது எங்கே வரும் என்பதை அக்கம்பக்க ஒலியே முடிவு செய்துவிடுவதால், மனம் மூன்றையும் ஒரே ஒலியனாக (பொருளை மாற்றும் ஒலி அலகாக) வைத்துக்கொள்கிறது. பொருள் மாறாத இடத்தில் வித்தியாசத்தைக் கவனிக்க அதற்கு அவசியமில்லை.

இது கைக்குழந்தைப் பருவத்திலேயே நடக்கிறது. வெர்க்கர், டீஸ் என்ற உளவியலாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் இந்தியின் த, ட ஒலிகளை 6–8 மாதத்தில் பிரித்தறிந்தன; 10–12 மாதத்தில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. செவி கெடவில்லை, கவனம்தான் விலகியது. அதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

பிள்ளைகள் கவனிக்க வேண்டியது குரல்நாண் அதிரத் தொடங்கும் நேரம். 'காளி'யில் நாக்கு விடுபட்ட பிறகே அதிர்வு வரும். காற்றுக்கான சொல்லில் நாக்கு விடுபடும் முன்பே வந்துவிடும். பல சமயம் 80–100 மில்லிசெகண்ட் முன்னால். பிராட் என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும்.

பதில் 2 (கிருஷ்ணகிரி):
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். எல்லா இடத்திலும் அக்கம்பக்க ஒலியே முடிவு செய்வதில்லை; சொல் முதலிலும் தமிழர் வாயில் அதிர்வொலி (குரல்நாண் முன்பே அதிரும் ஒலி) உண்டு: குண்டு, பொம்மை, பஸ். இரக்கப்படும் 'பாவம்' வேறு, பரதத்தில் வரும் 'பாவம்' வேறு என்று பலர் பிரித்தே சொல்கிறார்கள். ஆகவே பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ககரத்தில் ஆரம்பிக்காதீர்கள். தொண்டையருகே அடைப்பதால் பின்னால் இடம் குறைவு. காற்றழுத்தம் சீக்கிரம் ஏறி அதிர்வு நின்றுவிடும். உதட்டில் அடைக்கும் பகரமே சுலபம். கன்னடத்தில் பாழுக்கும் வாழ்வுக்கும் உள்ள சொற்கள் முதல் ஒலியில் மட்டும் வேறுபடும் (தமிழில் இரண்டுமே 'பாளு'தான்), அதை எடுங்கள். வாயை மூடி முனகவிட்டு, தொண்டையில் விரல் வைத்து, முனகல் நிற்காமலே உதட்டைத் திறக்கச் சொல்லுங்கள். மூக்கு வழியாகக் காற்று போனால் 'ம்பாளு' என்று வரும். அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லவைக்கலாம்.

ஆனால் பேசவைப்பதற்கு முன் கேட்கவையுங்கள். இப்படிப்பட்ட ஒவ்வொரு சொல் ஜோடியையும் ஆண், பெண், சிறுவர் என்று நாலைந்து பேர் குரலில் பதிவு செய்து கலைத்துப் போடுங்கள். பிள்ளை கேட்ட சொல்லுக்கான படத்தைத் தொட வேண்டும், சரியா தவறா என்று நீங்கள் அந்த நொடியே சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தைக் காட்டக் கூடாது, இரண்டுக்கும் ஒரே எழுத்துதானே! உங்கள் குரல் ஒன்றையே போட்டால் உங்களிடம் சரியாகவும் மற்றவரிடம் தவறாகவும் சொல்வார்கள். ஜப்பானியர்களுக்கு ர, ல பழக்கிய ஆய்வுகளில் இதைத்தான் கண்டார்கள்: ஒருவர் குரலில் மட்டும் பழகியவர்களுக்குப் புதியவர் குரலில் அந்தத் தேர்ச்சி கைகொடுக்கவில்லை.

பதில் 3 (ஓசூர்):
சொல் நடுவில் தலைகீழ்ச் சிக்கல் வரும், அதையும் சேர்த்துப் பாருங்கள். 'வேண்டும்' என்பதற்கான கன்னடச் சொல்லில் உள்ளது அதிராத ஒற்றைக் ககரம். தமிழ்ப் பழக்கம் 'பகல்' போல அதை மென்மையாக்கும். அதைத் திருத்தினால் 'பேக்கு' என்று இரட்டிக்கும். 'சீக்கிரம்' என்பதற்கான 'பேக'வோடு ஜோடி சேர்த்துக் கேட்கவையுங்கள். அடைப்பு நேரத்தைக் குறைத்து, அதிர்வை மட்டும் நிறுத்தச் சொன்னால் சரியாக வரும். பழகாத ஒருவர் குரலில் புதுச் சொற்களைப் போட்டுச் சோதித்த பிறகு அடுத்த ஜோடிக்குப் போங்கள்.