பித்தளையும் ஆமை ஓடும் பதித்த பிரெஞ்சு அலமாரி: புளி போட்டுத் துலக்கலாமா?

பள்ளத்தூர்_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பெரிய வீட்டில் இப்போது பங்கு பிரித்துச் சாமான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் கட்டு உள்ளறையில் இருந்த ஒரு அலமாரி எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. தேக்குப் பெட்டகமும் பர்மா பீரோவும் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது என்ன வகை என்றே பிடிபடவில்லை. இடுப்பளவு உயரம், ஒற்றைக் கதவு, மேலே வெள்ளைப் பளிங்குப் பலகை. மரம் நல்ல கறுப்பு. கதவு முழுக்கச் சிவப்பும் கறுப்புமாகப் பளபளவென்று ஏதோ ஒரு தகடு, அதற்குள் பித்தளையில் கொடியும் சுருளுமாக அவ்வளவு நுணுக்கமான வேலை. மூலைகளில் பொன்முலாம் பூசிய பெண் முகங்கள். சில இடங்களில் பித்தளை பெயர்ந்து நிமிர்ந்து நிற்கிறது, துடைக்கும்போது துணியில் மாட்டுகிறது.

காரைக்குடியிலிருந்து பழைய சாமான் எடுப்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது பிரான்ஸ் தேசத்துப் பதினான்காம் லூயி ராஜா காலத்துச் சாமான், உடனே கொடுத்தால் நல்ல விலை தருகிறேன் என்கிறார். உண்மையிலேயே அவ்வளவு பழசா? அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம், அதற்குள் குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் துலக்கிவிடலாமா? பெயர்ந்த இடத்தை ஃபெவிகால் வைத்து ஒட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பளிங்குத்தூண்:

ஆச்சி, முதலில் புளியைக் கீழே வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் சொல்வது பூல் வேலை. ஆந்த்ரே-ஷார்ல் பூல் என்ற பாரிஸ் தச்சரின் பெயரால் வழங்குகிறது, 1642இல் பிறந்து 1732 வரை வாழ்ந்தவர். 1672இல் லூயி மன்னர் லூவ்ர் அரண்மனையிலேயே அவருக்கு இருப்பிடமும் பட்டறையும் கொடுத்தார், அதனால் ஊர்த் தச்சர் சங்கத்தின் கட்டுப்பாடு அவரைத் தொடவில்லை. மரவேலை, வெண்கல வார்ப்பு இரண்டையும் ஒரே கூரையின் கீழ் செய்ய முடிந்தது அதனால்தான். இந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே ஹாலந்திலிருந்து வந்து அரசருக்கு வேலை செய்த பியேர் கோல் போன்றவர்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் இவர் கையில்தான் அது உச்சத்துக்குப் போனது, பெயரும் இவரோடு ஒட்டிக்கொண்டது.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் உங்கள் கதவைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். அந்தச் சிவப்புத் தகடு அழுங்காமை என்ற கடலாமையின் ஓடு. வெந்நீரிலும் சூட்டிலும் இளக்கி, தட்டையாக்கி, மெல்லிய தகடாகச் சீவி எடுப்பார்கள். ஆமை ஓட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒட்டி, மேலே வரைபடத் தாளையும் ஒட்டிவிட்டு, தையல்காரர் இரண்டு துணியைச் சேர்த்து வெட்டுவது போல இழை ரம்பத்தால் ஒரே நேரத்தில் அறுப்பார்கள். பிரித்தால் ஓட்டிலிருந்து வந்த துண்டு பித்தளைப் பள்ளத்திலும் பித்தளைத் துண்டு ஓட்டின் பள்ளத்திலும் அப்படியே உட்காரும். ஆக ஒரே அறுப்பில் இரண்டு கதவுக்கான வேலை கிடைக்கும்: ஒன்றில் ஓட்டுத் தளத்தில் பித்தளைக் கொடி, இன்னொன்றில் பித்தளைத் தளத்தில் ஓட்டுக் கொடி. எதையும் வீணாக்காமல் இரண்டையும் ஜோடியாகச் செய்து எதிரெதிரே வைப்பார்கள். ஓடு கண்ணாடி மாதிரி ஒளி விடும் என்பதால் அதன் பின்புறம் சிவப்பு வண்ணம் பூசி ஒட்டுவார்கள், அந்தச் சிவப்புதான் உங்களுக்கு முன்னால் தெரிகிறது. கடைசியில் பித்தளை மேல் சிற்றுளியால் இலை நரம்பு, முக நிழல் எல்லாம் கீறி, அந்தக் கீறலில் கறுப்பு நிரப்புவார்கள். அந்தக் கோடுகள் இல்லையென்றால் கொடி வெறும் தகடாகப் படுத்துவிடும்.

இனி வயசு. என் கணிப்பு, இது லூயி காலம் இல்லை. பூல் காலத்து அலமாரிகள் பெரும்பாலும் ஆளுயரத்துக்கு மேல் போகும், இல்லாவிட்டால் கால்மேடை மேல் உட்கார்ந்த பெட்டி வகை. லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது, 1675–1680 வாக்கில் செய்தது, இரண்டு பக்கமும் பெரிய மனித உருவங்கள் தாங்கி நிற்கும், நடுவில் அரசரின் முகம் பொறித்த பதக்கம். நீங்கள் சொல்லும் இடுப்பளவு உயரம், ஒற்றைக் கதவு, வெள்ளைப் பளிங்கு, கறுப்பு மரம், மூலையில் பெண் முகம் என்ற கட்டு மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அதாவது 1850க்கும் 1870க்கும் இடையில், பாரிஸில் ஏராளமாகச் செய்யப்பட்டது. இங்கே செட்டிநாட்டில் பெரிய வீடுகள் எழும்பிய காலத்தோடும் அது பொருந்தி வருகிறது. சைகோனில் கடை வைத்திருந்தவர்கள் உங்கள் வீட்டில் உண்டா? அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர், அந்த வழியாகவும் வந்திருக்கலாம்.

லூயி காலத்துச் சாமான் இல்லை என்பதால் மதிப்புக் குறைவாக நினைக்க வேண்டாம். அதே இழை ரம்ப வேலைதான், அதே பொறுமைதான்.

ஆசாரி_பட்டறை:

மேலே சொன்னவர் வரலாறு சொல்லிவிட்டார், நான் பழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பித்தளை ஏன் பெயர்கிறது என்றால், மரம் ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும், பித்தளை அதற்கு அசைந்து கொடுக்காது. நடுவில் இருப்பது வஜ்ஜிரம், அதாவது தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. நம் ஊரில் சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும் மாறி மாறி வந்தால் அந்தப் பசை விட்டுக்கொடுத்துவிடும். நிமிர்ந்த தகட்டை விரலால் அமுக்கவே அமுக்காதீர்கள். அடியில் தூசி சேர்ந்திருக்கும், அமுக்கினால் தகடு மடிந்து தழும்பாகிவிடும், பக்கத்து ஓடும் விரிசல் விடும். மெல்லிய பருத்தித் துணியைக் கதவைச் சுற்றித் தளர்வாகக் கட்டி விடுங்கள், யாருடைய சேலையும் மாட்டாது. வளவு ஓரத்தில் வெயிலோ சாரலோ படும் இடத்தில் வைக்காதீர்கள், உள்ளறையே நல்லது. ஏதாவது துண்டு உதிர்ந்தால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எடுத்து ஒரு கவரில் போட்டு, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதி வையுங்கள்.

புளி போட்டால் என்ன ஆகும்? புளிப்பும் தண்ணீரும் ஓரம் வழியாக இறங்கி வஜ்ஜிரத்தைக் கரைக்கும், இன்று பத்து இடத்தில் பெயர்ந்தது நாளை கதவு முழுக்கப் பெயரும். அதைவிடப் பெரிய நஷ்டம், தேய்க்கத் தேய்க்க அந்தச் சிற்றுளிக் கீறலும் கறுப்பும் போய்விடும். போனது போனதுதான், திரும்பக் கீறினாலும் அது அசல் ஆகாது. குத்துவிளக்கைத் தலைமுறை தலைமுறையாகத் துலக்கலாம், அது முழுக்கப் பித்தளை. இது தாள் கனத்துக்குக் கொஞ்சம் மேலே உள்ள தகடு.

ஃபெவிகாலும் வேண்டாம். காய்ந்தபின் அதை மீண்டும் பிரிப்பது கஷ்டம். இந்த வேலை தெரிந்தவர்கள் பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, தகட்டின் பின்புறத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, மீன் பசையோ வஜ்ஜிரமோ வைத்துப் பலகை போட்டு இறுக்குவார்கள். பிரெஞ்சுத் தச்சர்கள் ஒட்டுவதற்கு முன்னால் பித்தளையின் பின்பக்கம் பூண்டு தேய்ப்பார்கள், பிடிப்பு வரும் என்று. இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், தேக்கு வேலை நன்றாகத் தெரிந்தவர் என்றாலும் இந்த வேலை செய்த கை இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. ஓடு அசலா என்று பார்க்கச் சூடான ஊசி வைக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. செய்யாதீர்கள். போலியாகச் செல்லுலாயிட் இருந்தால் தீப்பிடிக்கும், அசலாக இருந்தால் துளை விழும்.

கோட்டையூர்_வக்கீல்:

விற்பது பற்றிச் சுருக்கமாக. அழுங்காமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அசல் ஆமை ஓடு என்றால், எவ்வளவு பழசாக இருந்தாலும் விற்கவும் வாங்கவும் முடியாது. பரம்பரையாக வந்து வைத்திருப்பது வேறு விஷயம், அதற்கும் கைக்கு வந்த 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வந்தவர் நல்ல விலை சொன்னாலும் முன்பணம் எதுவும் வாங்காதீர்கள். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள் என்றால் அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம், அது தனிச் சட்டம். பங்குப் பத்திரத்தில் இதைப் படத்தோடு எழுதிச் சேருங்கள்.

பள்ளத்தூர்_மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புளியை எடுக்கவில்லை, துணி கட்டிவிட்டோம். சைகோன் கேட்டீர்களே, என் மாமனாரின் ஐயா அங்கேதான் கடை வைத்திருந்தார். இன்னொரு விஷயம், ஜோடி என்று படித்ததும் ஞாபகம் வந்தது: பெரியமாமா பங்கில் இதே அளவில் ஒன்று இருக்கிறது, ஆனால் மஞ்சளாக, பித்தளை அதிகமாகத் தெரியும். வேறு சாமான் என்று நினைத்துத்தான் பிரித்தோம்.

பளிங்குத்தூண்:

ஆச்சி, அதுதான் எதிர் ஜோடியாக இருக்க வேண்டும்! இரண்டு கதவையும் நேராக நின்று ஒரே அளவில் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கொடிகள் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனால் சேர்த்து அறுத்தவைதான். முதுகுப் பலகையில் வட்ட ரம்பத்தின் வளைந்த கோடுகள் இருக்கின்றனவா, ஸ்க்ரூவின் முனை கூராக இருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டும் 19ஆம் நூற்றாண்டு அடையாளம், ஸ்க்ரூவை மட்டும் யாராவது பிறகு மாற்றியிருக்கலாம். பூட்டுத் தகட்டில் எழுத்து இருந்தால் அதையும் படம் எடுங்கள். பூல் என்று முத்திரை இருந்தால் மயங்க வேண்டாம், அவர் தன் சாமான்களில் முத்திரை போட்டவர் இல்லை.

பத்திரம் பதிவதற்கு முன்னால் பெரியமாமாவிடம் பேசி, இரண்டையும் ஒரே பங்கில் வைக்கப் பாருங்கள். உங்களிடமோ அவரிடமோ, எங்கே இருந்தாலும் சரி, இரண்டும் சேர்ந்து இருக்கட்டும்.