1885-ல் செய்த செமி ஆட்டோ ரைபிள் 1936 வரை ஏன் ஒரு படையின் பொது ரைபிளாக வரவில்லை?

தேவகோட்டை ரஸ்தா:
காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி என்சிசி அறைக்குக் கால வரிசை அட்டை தயாராகுது. ஆஸ்திரிய வடிவமைப்பாளர் மன்லிச்சர் 1885-லயே செமி ஆட்டோ ரைபிள் (விசையை ஒரு தடவை இழுத்தா ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானே ஏறிக்கும்) செஞ்சுட்டார். அமெரிக்கா கராண்ட் செஞ்ச ரைபிளை ஏத்துக்கிட்டது 1936-ல. நடுவுல 51 வருஷம். "சிப்பாய் தோட்டாவை வீணடிப்பான்னு தளபதிகள் பயந்தாங்க" என்கிறதைத்தான் எங்கே பார்த்தாலும் எழுதி வச்சிருக்காங்க. அது மட்டும்தான் காரணமா? அட்டையில எதைப் போடலாம், எதை விடலாம்?

கானாடுகாத்தான் ஆச்சி:
அந்தப் பயம் இருந்தது நிஜம். ஆனா அதை முதல் வரியில போடாதீங்க தம்பி. துப்பாக்கியைக் கெடுத்தது தோட்டா.

மன்லிச்சர் பிடிச்ச வழி சரியானதுதான். சுட்டதும் பின்னால உதைக்கிற விசையை வச்சே போல்ட்டை (தோட்டா அறையோட பின்பக்கத்தை அடைக்கிற பூட்டு) திறந்து, காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை ஏத்துறது. ஆனா அவர் கையில இருந்தது கருமருந்து. அது எரிஞ்சா பாதிக்கு மேல திடக் கசடாத் தங்கும். சில ரவுண்டுலயே நகர்ற பாகமெல்லாம் கரி பிடிச்சு இறுகிப்போகும். பிரெஞ்சு வேதியியலாளர் வியே புகையில்லா மருந்து கண்டுபிடிச்சது 1884, பிரெஞ்சுக்காரங்க அதை லெபெல் ரைபிள்ல கொண்டுவந்தது 1886. மன்லிச்சர் ஒரு வருஷம் முந்திட்டார், அவ்வளவுதான்.

புது மருந்து வந்ததும் அடுத்த தலைவலி. அழுத்தம் கூடினதால பித்தளைக் கூடு உப்பி, அறைச் சுவரோட ஒட்டிக்கும். கையால போல்ட் இழுக்கிறவன் இழுக்கிறதுக்குள்ள அழுத்தம் இறங்கி, கூடு சுருங்கியிருக்கும். தானியங்கி அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஆவி அடங்குறதுக்கு முன்னாடி குக்கர் மூடியைத் திறக்கிற கதைதான். கொக்கி கூட்டோட விளிம்பைப் பிய்ச்சுட்டு வரும், இல்லேன்னா கூடே ரெண்டாக் கிழிஞ்சு முன்பாதி உள்ளே தங்கிடும். சண்டை நடுவுல அதை எடுக்கணும்னா தனிக் கருவி வேணும்.

சிலர் கூட்டுக்கு வழவழப்புக் கொடுத்துப் பார்த்தாங்க. அமெரிக்கர் தாம்சன் தன் ஆட்டோ ரைபிளோட மேகசின்ல எண்ணெய் நனைச்ச கம்பளிப் பட்டை வச்சார். நம்ம செம்மண் சாலை ஓரத்துல எண்ணெய்த் துணியை ஒரு மணி நேரம் காயப்போட்டாத் தெரியும், அந்தத் தோட்டா என்ன கதிக்கு ஆளாகும்னு. இன்னொரு அமெரிக்க வடிவமைப்பாளர் பெடர்சன் கெட்டிக்காரர். தோட்டாவுக்கு மெல்லிசா மெழுகு பூசினார், அதுல பிசுபிசுப்பு கிடையாது. ஆனாலும் மெழுகு பூசின தோட்டாவை மட்டுமே நம்பி ஒரு படை எப்படி இருக்கும்?

கொத்தமங்கலத்தான்:
ஆச்சி சொன்னதோடு விளிம்பையும் சேர்க்க வேண்டும். லெபெல் 8 மி.மீ., ரஷ்ய 7.62 மி.மீ. இரண்டிலும் கூட்டின் அடி விளிம்பு வெளியே துருத்தி நிற்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டினால், அது முன்னே நகராது.

அட்டைக்கு வருவோம். மெக்சிகோவின் மொண்ட்ராகன் கட்டாயம் வேண்டும். 1908-ல் ஏற்பு, தயாரித்தது சுவிட்சர்லாந்தின் சிக் ஆலை, தோட்டா 7 மி.மீ. மவுசர், விளிம்பில்லாதது. பின்னர் ஜெர்மனி அதை வாங்கி விமானப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தது. ஆகாயத்தில் சேறு இல்லை, பதுங்குகுழியில் அது தாங்கவில்லை.

அடுத்து பிரான்சின் 1917 மாடல். என்னைக் கேட்டால் அட்டையின் நடுவில் பெரிய படமாக இதைப் போடுவேன். சோதனைச் சாலையோடு நிற்காமல் போர்முனைக்குப் போனது, ஏறத்தாழ 85,000 செய்தார்கள். குறையும் நிறைய: 5 கிலோவுக்கு மேல் எடை, 1.33 மீட்டர் நீளம், இதற்கென்றே தனியாக 5 தோட்டாக் கிளிப் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்து அப்படியே உள்ளே ஏற்றும் தகடு). அந்தக் கிளிப் கைவசம் இல்லையென்றால், பக்கத்துச் சிப்பாயின் பையில் தோட்டா நிறைய இருந்தும் பயனில்லை. 1918-ல் நீளத்தைக் குறைத்து, பிரெஞ்சுப் படையின் பெர்த்தியே ரைபிளின் கிளிப்பே பொருந்தும்படி மாற்றினார்கள். 1935-ல் வாயுத் துளையை (வெடித்த வாயுவில் கொஞ்சத்தைக் குழலிலிருந்து எடுத்துப் போல்ட்டை இயக்கும் வழி) அடைத்துக் கையால் இழுக்கும் ரைபிளாக்கிவிட்டது வேறு விஷயம்.

தேவகோட்டை ரஸ்தா:
நன்றி அண்ணே. ரஷ்யாவோட ஃபெடோரோவ் ரைபிள்? கராண்ட் முதல்ல வாயுவே பயன்படுத்தலைன்னு ஒருத்தர் சொல்றார், சரியா?

கானாடுகாத்தான் ஆச்சி:
ஃபெடோரோவ் தொடர்ச்சியாவும் சுடும், அதனால ஒரு நட்சத்திரக் குறியோட போடுங்க. சுமார் 3,200 தான் செஞ்சாங்க. ரஷ்யத் தோட்டாவை விட்டுட்டு ஜப்பானோட 6.5 மி.மீ.யை எடுத்ததுலயே அவர் நோயைச் சரியாக் கண்டுபிடிச்சுட்டார்னு தெரியும். அது வீரியம் குறைஞ்சது, விளிம்பும் சின்னது.

கராண்ட் பற்றிச் சொன்னது சரிதான். அவரோட முதல் மாதிரிகள்ல வெடிச்சதும் தோட்டா அடியில தீப்பொறி தர்ற கேப் ஒரு நூலளவு பின்னால வரும். அந்தச் சின்ன நகர்வுதான் பூட்டைத் திறந்துவிடும். ராணுவம் மெதுவா எரியிற மருந்துக்கு மாறி, கேப்பையும் இறுக்கி அடிச்சதும் அந்த நகர்வே போச்சு. அதுக்கு அப்புறம்தான் வாயு. 1932-ல அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் மெக்கார்தர் .276 அங்குலத் தோட்டாவை மறுத்து .30 அங்குலம்தான் வேணும்னுட்டார். .276-க்குன்னே செஞ்ச பெடர்சன் ரைபிளோட கதை அதோட முடிஞ்சது.

கொத்தமங்கலத்தான்:
1936-ல் ஏற்றதும் இன்றைக்குப் படங்களில் பார்க்கும் கராண்ட் இல்லை. குழலில் துளை போடத் தயங்கி, முனையில் மூடி வைத்து வாயுவைப் பிடித்தார்கள். டென்மார்க்கின் பாங் முன்பே முனையில் கிண்ணம் வைத்திருந்தார், அது வாயு தள்ள முன்னால் நகரும். கராண்டின் முனை மூடியில் கரி படிந்தது, மூடியும் தளர்ந்தது. ஏறத்தாழ 50,000 போன பிறகுதான் குழலின் அடியில் துளை போட்டார்கள். 7-ஆவது ரவுண்டில் சிக்கும் கோளாறும் அப்போது இருந்தது. கடைசலில் கிளிப்பைத் தாங்கும் விளிம்பைக் கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டதுதான் காரணம்.

அட்டையின் கடைசிக் கட்டத்துக்கு நம் படை 1960-களில் எடுத்த இஷாப்பூர் 1ஏ1 செமி ஆட்டோ ரைபிள் போதும். பிஸ்டனுக்குப் போகும் வாயுவின் அளவைச் சிப்பாயே திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். கரி சேர்ந்து இயக்கம் மந்தமானால் ஒரு படி கூட்டுவார்கள். அந்தத் திருகு தெரிகிற படமாகத் தேடி ஒட்டுங்கள்.