கல்லில் கணவர் பெயர்தான் இருந்தது

என் மருமகன் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்துக்காரர். அவருடைய முன்னோர்களில் ஒரு பாட்டி 1852-இல் மாட்டுவண்டியில் அங்கே வந்து சேர்ந்தவர் என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பேத்தி கேட்டாளே என்று நான் தேட ஆரம்பித்தேன்.

வில்லாமெட் பள்ளத்தாக்கில் கல்லறை கிடைத்தது. பாசியைத் துடைத்துப் பார்த்தால் ‘மேரி, இன்னாரின் மனைவி’ என்று இருந்தது. கணவர் பெயர்தான் பெரிய எழுத்தில். நம் ஊரில் கல்யாணமானால் இனிஷியல் மாறும். அங்கே பிறந்த வீட்டுப் பெயரே போய்விடுகிறது. ஒரு கவுண்டிக்குள் (நம் மாவட்டம் மாதிரி) எத்தனை மேரிகள்!

1840 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-இல்தான், அடிமைகளைத் தவிர, வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் எழுதினார்கள். ஆனால் எங்கள் மேரிக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. யாரோ இணையத்தில் போட்டிருந்த வம்சாவளியை நம்பி, கென்டக்கிக் குடும்பம் ஒன்றின் பின்னால் மூன்று மாதம் அலைந்தேன். அந்த மேரி 1849-இலேயே இறந்துபோனவர் என்று பிறகுதான் கவனித்தேன். செத்தவர் எப்படி வண்டி ஏறுவார்? தவறு என்னுடையதுதான்.

வழி காட்டியது நிலக் கோப்பு. 1850-ஆம் ஆண்டின் ஒரேகான் நிலக்கொடைச் சட்டப்படி, அந்த ஆண்டு டிசம்பருக்குப் பிறகு வந்த தம்பதிக்கு 320 ஏக்கர். அதில் பாதி மனைவியின் பெயரில். (பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் முடியும் முன்பே கொடுத்த கொடை இது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) பாதி நிலம் வேண்டுமென்றால் கல்யாணம் எப்போது, எங்கே நடந்தது என்று சொல்லியாக வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர், மேரி அந்தக் கணவரின் மனைவிதான் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். கையெழுத்துத் தெரியாத மனிதர். பெருக்கல் குறி போட்டிருக்கிறார், குறியைச் சுற்றி எழுத்தர் அவர் பெயரை எழுதியிருக்கிறார். அந்தத் தாளில் இல்லினாயில் ஒரு கவுண்டியும் 1847-ஆம் ஆண்டும் கிடைத்தன. அந்தக் கவுண்டியின் திருமணப் பதிவேட்டில் மேரி தன் அப்பாவின் குடும்பப் பெயரோடு இருந்தார்.

அதே 1852-இல் அதே பாதையில் வந்த அபிகெயில் ஸ்காட் டனிவேக்கு அப்போது 17 வயது. வழியில் காலராவில் தாயைப் பறிகொடுத்தவர். பயணக் குறிப்பேட்டை எழுதியவரும் அவர்தான். பின்னாளில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். எல்லாக் குடும்பத்துக்கும் இப்படி எழுதிவைக்க ஒரு மகள் வாய்ப்பதில்லை.

*

மேரியைத் தேடிய உங்கள் கதையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். உங்களுக்கு நிலம் கைகொடுத்தது. எங்களுக்கு ஒரு மாமியார். நெப்ராஸ்காவில் இருக்கும் என் தோழியின் முப்பாட்டியைத் தேடினோம். 1880 கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக, வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதினார்கள். அந்த வீட்டில் ‘மாமியார்’ என்று ஒரு கிழவி. மருமகனுக்கு மாமியார் என்றால் முப்பாட்டிக்கு அம்மாதானே! குடும்பப் பெயர் அப்படியே கையில் வந்து விழுந்தது. ஆனாலும் அந்த அம்மாள் மறுமணம் செய்தவரா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள், நாங்களும் பார்த்தோம்.

1890 கணக்கெடுப்பு ஏடுகளை நம்ப வேண்டாம். பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பாழாகி, பிறகு அழிக்கப்பட்டுவிட்டது. நேரே 1900-க்குப் போங்கள். பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் முப்பாட்டி சொன்னது: 9, 4. தோழியின் குடும்ப பைபிளில் இருப்பது ஆறு பெயர்கள். மற்ற மூன்று பேருக்காக இப்போது கல்லறைகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.