பல் துலக்கும் பிரஷ்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மேடவாக்கம்வாசி:
நடு இரவில் குளியலறை விளக்கைப் போட்டேன். டம்ளரில் இருந்த என் மகளின் பிரஷ் மீது கரப்பான் பூச்சி. வெளிச்சம் பட்டும் ஓடவில்லை. மீசை இரண்டும் ஆட, இழைகளுக்குள் வாயை வைத்து, ஒட்டியிருந்த பேஸ்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. எத்தனை இரவுகளாக நடக்கிறதோ! எல்லாப் பிரஷ்களையும் அப்போதே குப்பையில் போட்டேன். அருவருப்பு இன்னும் போகவில்லை. வேறு யாருக்காவது இப்படி?

தாமிரபரணி:
எங்கள் வீட்டில் பல்லி. அதன் எச்சம் பிரஷின் கழுத்தில் காய்ந்து கிடந்தது. அன்று முதல் மூடி இல்லாத பிரஷ் எங்கள் வீட்டில் கிடையாது. மூடி போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

உறையூர்க்காரர்:
தீராது அம்மா. காசிக்குப் போனபோது என் மனைவி ஈரப் பிரஷுக்கு மூடி போட்டுப் பையில் வைத்திருந்தாள். ரயிலில் திறந்ததும் குப்பென்று வாடை. இழைகளின் அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். அதை வாயில் வைப்பதா?

ஈரத்தை அடைத்து வைத்தால் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் இதையேதான் சொல்கிறது: குழாய் நீரில் நன்றாக அலசி, தலை மேலே இருக்கும்படி நிறுத்தி, காற்றில் காயவிட வேண்டும், பிரஷ்கள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. அலசும்போது கட்டைவிரலால் இழைகளை விரித்துவிடுங்கள், பேஸ்ட் அடியில்தான் தங்கும். கரப்பான் தேடி வருவது அதற்குத்தான். குளியலறையிலேயே கழிப்பறையும் இருந்தால் பிரஷை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீர் திறந்துவிடும்போது தெறிக்கும் நுண்துளிகள் கண்ணுக்குத் தெரியாது. டம்ளரையும் கழுவுங்கள். அடியில் தேங்கும் கொழகொழப்பைப் பலரும் பார்ப்பதே இல்லை.

பவானிக்கரை:
என் மாமனார் தினமும் கொதிக்கும் நீரில் பிரஷை முக்குவார். சுத்தம் என்றால் அவருக்கு உயிர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் ஈறு கிழிந்து வாஷ்பேசின் முழுக்க இரத்தம். பிரஷைப் பார்த்தால் இழைகள் நாலா பக்கமும் வளைந்து, முனைகள் ஊசியாக நிற்கின்றன. நைலான் கொதிநீரைத் தாங்காது. பச்சைத் தண்ணீரே போதும் என்றார் பல் மருத்துவர். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இழை விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள், மென்மையான இழையே வாங்குங்கள் என்றும் சொன்னார். மாமனார் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கெட்டியான இழைதான் கேட்டார்!

விடுதிப்பறவை:
கரப்பானும் பூஞ்சணமும் கண்ணுக்குத் தெரிகின்றன. எனக்கு நேர்ந்தது தெரியாத விஷயம். கல்லூரி விடுதி. தேர்வு நாள் காலை, அறைத் தோழன் என் பிரஷால் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயோரம் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது, ஈறில் இரத்தம். "ஒரு நாள்தானேடா" என்று அலசிக் கொடுத்தான். பிறகு இரத்த தானத்துக்குப் போனபோது அவனுக்கு ஹெபடைடிஸ் பி, அதாவது இரத்தம் வழியாகப் பரவக்கூடிய கல்லீரல் வைரஸ் தொற்று, இருப்பது தெரிந்தது. அந்த வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாட்களாவது உயிர்ப்புடன் இருக்கக்கூடியது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த இளஞ்சிவப்பு நுரைதான். பரிசோதனை முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டேன்.

கணவன் மனைவிக்குள் ஒரே பிரஷ் என்பதைச் சிலர் அன்பாக நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தாமிரபரணி:
உறையூர் ஐயா, எங்கள் மூடியில் காற்றுத் துளை இருக்கிறது. காய்ந்த பிறகுதான் போடுகிறோம். பல்லி இருக்கும் வீட்டில் வேறு என்ன செய்வது?

விடுதிப்பறவை, உங்கள் நண்பர் இப்போது எப்படி இருக்கிறார்?

விடுதிப்பறவை:
நன்றாக இருக்கிறான் அக்கா. மருத்துவர் கண்காணிப்பில் இருக்கிறான். அவன் வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்து தடுப்பூசியும் போட்டாயிற்று. விடுதியில் அவனை ஒதுக்கப் பார்த்தார்கள்; சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது என்று மருத்துவரையே வரவழைத்துச் சொல்ல வைத்தோம்.