ரியாலிட்டி ஷோ + தேர்தல் த்ரில்லர்: நம்ப வைக்கும் இடமும் சொதப்பும் இடமும்

இந்த வகை நாவலைக் கையில் எடுத்தால் முதலில் எடிட்டிங் அறைக் காட்சியைப் பாருங்க. "வீடியோவை மாத்திட்டாங்க" என்று ஒரே வரியில் தாண்டினால் எழுதியவருக்கு அந்த வேலை தெரியாது. போட்டியாளர் "அவரை ஏமாத்தணும்னு நினைக்கவே இல்ல" என்கிறார். "ஏமாத்தணும்னு" வரை வைத்துக்கொண்டு, வேறொரு நாள் பேச்சிலிருந்து "நினைச்சேன்" என்பதை ஒட்டுவார்கள். உதடு காட்டிக்கொடுக்கும் என்பதால் அந்த நொடியில் திரையில் எதிராளியின் முகம் வரும். மாட்டுவது ஒலியில்தான்: பின்னணி ஏசி இரைச்சல் பொருந்தாது, குரலின் ஏற்ற இறக்கம் உதைக்கும். அதை மூடத்தான் அடியில் இசை.

---

மேலே சொன்னதோடு ஒன்று. ஆளுக்கொரு காலர் மைக், ஒவ்வொன்றும் தனி டிராக். பக்கத்தில் நின்றவர் மைக்கிலும் முழு வாக்கியம் பதிவாகியிருக்கும். துப்பறியும் பாத்திரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் பெரும்பாலும் ஒரு மர்ம பென் டிரைவைத்தான் கொண்டுவருகிறார்கள்!

---

"கேஸ் போடுவேன்" என்று போட்டியாளர் மிரட்டும் காட்சி எடுபடாது. எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம் என்று ஒப்பந்தத்திலேயே கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கதை அமெரிக்காவில் நடந்தால் கோடு வேறு இடத்தில்: 1950களின் டிவி வினாடி வினா மோசடிகளுக்குப் பிறகு, அறிவுப் போட்டியின் முடிவை முன்கூட்டியே செட் பண்ணுவது 1960 முதல் அங்கே குற்றம். திரித்துக் காட்டினால் கெட்ட பேரோடு போகும், விடையைக் கசியவிட்டால் ஜெயில்.

---

அமெரிக்கக் கதை என்றால் இன்னொரு சட்டமும் உண்டு. 1934 தகவல் தொடர்புச் சட்டம், பிரிவு 315. முறைப்படி வேட்பாளரானவர் ஒளிபரப்பு சேனலில் தோன்றினால், எதிர் வேட்பாளர்கள் 7 நாளுக்குள் அதே சேனலில் தோன்ற சம வாய்ப்பு கேட்கலாம். செய்திக்கு விலக்கு உண்டு, பொழுதுபோக்கு ஷோவுக்குக் கிடையாது. 2003ல் நடிகர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னேக்கர் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டபோது கலிபோர்னியா சேனல்கள் அவர் நடித்த படங்களை ஒதுக்கி வைத்தது இதனால்தான். நாயகன் ஷோவில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்கப் போகிறார் என்றால், அதை ஃபினாலே முடிந்தபின் அறிவி என்பார் சேனல் வக்கீல். டிஆர்பி உச்சத்தில் இருக்கும்போதே அறிவிக்கத் துடிப்பார் நாயகன். கதைக்கு வேண்டிய கெடு இங்கேயே இருக்கிறது, வெடிகுண்டெல்லாம் எதுக்கு?

---

க்ளைமாக்ஸில் லைவில் உண்மையைப் போட்டு உடைப்பது தேய்ந்துபோன வழி. லைவ் என்றாலும் சில நொடி தாமதம் வைப்பார்கள். கன்ட்ரோல் ரூமில் ஒருவர், ஒளிபரப்பை வெட்டும் பட்டன் மேல் விரல் வைத்தபடி இருப்பார். அந்த ஆள் ஏன் அழுத்தவில்லை என்பதற்கு முந்தின அத்தியாயங்களிலேயே காரணம் வேண்டும்.