கல்லடி குடும்பக் குழு: கூடங்குளமும் பிளேனும்

பூமணி மாமி: தர்சி, நிக்கிறியா மகள்? கோயில் குழுவில ஒரு வொயிஸ் வந்திரிக்கு. கூடங்குளத்து அணுஉலைக்குக் கிட்டப் போற பிளேனெல்லாம் கதிர்வீச்சில கொம்பியூட்டர் அடிபட்டு விழுமாம். குமார் சனிக்கிழம கட்டாருக்கு ஏறுறான். எனக்கு நெஞ்சு படபடக்குது.

குமார்: அம்மா நேத்தையில இருந்து இதத்தான் பறையிறா. டிக்கெட்ட மாத்தட்டாம்.

தர்சினி: நிக்கிறன் மாமி, இப்பதான் வேல முடிஞ்சு வந்தன். நான் பாக்கிற வேலயே பிளேன்ட எலக்ட்ரோனிக்ஸ். ஆறுதலா வாசியுங்க.

தர்சினி: உலையில இருந்து கதிர் வெளிய வாறெண்டா முதல்ல தடிச்ச உருக்கு, மறுகா கொங்கிறீட் சுவர். அதையும் தாண்டினா பிளேன் பறக்கிற உயரம் மட்டும் 10 கிலோமீற்றர் காத்து. அவ்வளவு காத்தும் சேந்து 7 மீற்றருக்கு மேல ஆழமான தண்ணிக்குச் சமனாத் தடுக்கும். பாவிச்சு முடிஞ்ச யுரேனியக் கோல்கள அணுமின் நிலையத்தில அந்தளவு தண்ணிக்கு அடியிலதான் வைக்கிற. ஆக்கள் தொட்டிக் கரையில நிண்டு வேல செய்யிறாங்க.

ஜீவா அண்ணா: செர்னோபில் அணுஉலையில ஹெலி விழுந்த வீடியோ நான் பாத்தனான். அது என்ன?

தர்சினி: வீடியோ உண்மை அண்ணா. 1986 ஒக்டோபர் 2. ஹெலியின்ட விசிறி கிறேன் கம்பியில பட்டு விழுந்தது, உள்ள இருந்த நாலு பேரும் செத்திட்டாங்க. அதுக்கு முன்னம், உலை திறந்து எரியக்குள்ளயே, நேர் மேல ஹெலிகள் திரும்பத் திரும்பப் பறந்து மணலும் ஈயமும் கொட்டினது. அங்க கதிர் தின்னது ஓட்டினவங்கட உடம்ப.

குமார்: அப்ப எலக்ட்ரோனிக்ஸ ஒண்டும் செய்யாதா மச்சாள்?

தர்சினி: கிட்டப் போனாச் செய்யும். 2017 பெப்ரவரியில ஜப்பான் புகுசிமா 2ம் அணுஉலைக்குள்ள விட்ட ரோபோவுக்கு ரெண்டு மணித்தியாலத்தில கமெரா இருண்டிட்டு, வெளிய எடுத்திட்டாங்க. அது உருகின உலைக்குள்ள.

தர்சினி: பிளேனுக்குக் கதிர் வாறது கீழ இருந்து இல்ல மாமி, மேல இருந்து. பிளேன் பறக்கிற உயரத்தில தலைக்கு மேல கொஞ்சக் காத்துத்தான் மிச்சம். விண்வெளித் துகள்கள் காத்தில மோதி நியூத்திரன் எண்ட சின்னத் துகளாச் சிதறும், நிலத்தவிட நூத்துக்கணக்கான மடங்கு கூட. அதில ஒண்டு சிப்பில பட்டா 0 எண்டு கிடந்தது 1 ஆகிரும். சிப் எரியாது, கணக்குப் பிழைக்கும்.

பூமணி மாமி: ஐயோ, இது அதவிடப் பயமாக் கிடக்கு மகள்.

தர்சினி: அதுக்கெண்டேதான் ஒரு வேலய ஒண்டுக்கு மேற்பட்ட கொம்பியூட்டர் செய்து ஒண்ட ஒண்டு சரிபாக்கிற. நினைவகத்திலயும் பிழை திருத்துற ஏற்பாடு இரிக்கு. எண்டாலும் உங்களுக்கு ஒண்டையும் மறைக்க மாட்டன். 2025 ஒக்டோபர் 30, கான்கூனில இருந்து நியூவார்க் போன ஜெட்புளூ கம்பனியின்ட எயார்பஸ் ஏ320 பிளேன் திடீரெண்டு கீழ சரிஞ்சு ஆக்கள் காயப்பட்டாங்க. ஒரு மாசத்துக்குள்ள எயார்பஸ், கடும் சூரியக் கதிர்வீச்சு பறப்புக் கட்டுப்பாட்டுத் தரவக் கெடுக்கலாம் எண்டு சொல்லி, 6000 அளவு ஏ320 வகைப் பிளேன்கள உடன திருத்தச் சொன்னது. கனக்கப் பிளேனுக்குப் பழைய மென்பொருளத் திரும்பப் போட்டதே காணும்.

ஜீவா அண்ணா: அப்ப கூடங்குளத்தால எங்களுக்கு ஒரு பயமும் இல்லையெண்டு சொல்றியா?

தர்சினி: இல்லண்ணா. ஒரு விபத்து நடந்தா மன்னார்க் கடலுக்கு என்ன ஆகும், மீனுக்கு என்ன ஆகும், எங்கட ஆக்களுக்கு ஆர் அறிவிப்பாங்க? அதக் கேக்கத்தான் வேணும், சத்தமாக் கேக்க வேணும். பிளேன் விழும் எண்டு வொயிஸ் விட்டா அந்தக் கேள்வியையும் சேத்து ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. எனக்கு அதுதான் கவல.

பூமணி மாமி: சரி மகள். டிக்கெட் கிடக்கட்டும். நீ எழுதினத கோயில் குழுவில போடட்டா?

தர்சினி: போடுங்க மாமி. ஏ320 விசயத்த வெட்டாம முழுக்கப் போடுங்க.