ஜவுளிக்கடை வேலையோடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்க முடியுமா?

கேள்வி: காலை 9 முதல் இரவு 9 வரை கடையில் நிற்கிறேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்திலேயே தூக்கம். லீவு நாளில் கல்யாணம், காதுகுத்து. எப்போது படிப்பது?

பதில்: இரவை விட்டுவிடுங்கள் தம்பி. மெடிக்கல் ஷாப்பில் இருந்தபோது காலை 4.30 முதல் 6.30 வரைதான் படித்தேன். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் முதல் மூன்று மாதம் பள்ளித் தமிழ்ப் புத்தகங்கள் மட்டும். விசேஷங்களுக்கு அம்மாவிடம் மொய்க் கவரைக் கொடுத்தனுப்பினேன். அத்தை இன்னும் பேசுவதில்லை, அது வேறு கதை.

கேள்வி கேட்டவர்: சரி அண்ணே. ஆடித் தள்ளுபடி மாதத்தில் என்ன செய்வது?

பதில்: புதிதாக எதையும் தொடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பத்துக் கணக்கு, அவ்வளவுதான்.